ஏடும் இடமும்

எழுத்துத் தோன்றிய நாள் தொட்டு அதனைப் பின்தொடர்ந்து வரும் கவலை ஒன்று உண்டு. எழுதியதை எங்கே வைப்பது என்பதே அது. ஓலைக்குப் பரண் வேண்டும். காகிதத்திற்கு அலமாரி வேண்டும். கணினிக் கோப்பிற்கு வட்டு வேண்டும். பொருள் மாறிற்றேயன்றிக் கவலை மாறவில்லை. இடம் நிரம்பிவிட்டால் நமக்கு மூன்று வழிகளே எஞ்சுகின்றன. எழுதும்போதே எழுத்தைக் குறைக்கலாம். எழுதியதை ஒன்றும் குறையாமல் செறித்து வைக்கலாம். வேண்டாததைக் களைந்து அது அடைத்திருந்த இடத்தை மீட்கலாம். மூன்றிற்கும் சிக்கனம் என்றே பெயர். ஆயினும் மூன்றின் பயனும் ஒன்றல்ல. எந்தச் சிக்கனம் மெய்யான சிக்கனம், எது பின்னால் வட்டியுடன் வந்து நிற்கும் கடன் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

இதற்கு நாம் தேர்ந்துகொண்ட நிலம் தமிழகமும் கேரளமும் தழுவி நிற்கும் எல்லைப்புறம். வடக்கே பாலக்காட்டுக் கணவாய். அதனுள் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர். தெற்கே இடுக்கியின் மலைகள். அவற்றின்மீது மறையூர், மூணாறு, பூப்பாறை, குமுளி. வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இந்நிலம் தம் வாழ்வையே நினைவூட்டும். ஒரு மொழியில் பெயரிட்டு, மற்றொரு மொழியின் பதிவேட்டில் அப்பெயரைக் காத்துவரும் மக்கள் வாழும் இடம் இது. பதிவேட்டில் இடம் சுருங்கினால் முதலில் நசுங்குவது இத்தகையோரின் பெயர்களே.

கணவாய் வழியே இரயிலில் செல்வோர் இருமருங்கும் வரிசையாக நிற்கும் பனைமரங்களைக் கண்டிருப்பர். பனை ஓலையும், கேரளத்தில் குடப்பனை எனப்படும் தாளிப்பனையின் ஓலையும் பல நூற்றாண்டுகள் இந்நிலத்தின் ஏடாக இருந்தன. ஓலையை நறுக்கி, வேகவைத்து, உலர்த்தி, துளையிட்டுக் கயிறு கோத்துப் பயன்படுத்தினர். திருவிதாங்கூர் அரசின் பழைய ஆவணங்கள் இவ்வாறே கட்டுக் கட்டாகச் சுருட்டப்பட்டுச் சுருணைகள் என்னும் பெயரில் காக்கப்பட்டன. அவற்றுள் வட்டெழுத்திலும் கோலெழுத்திலும் பொறித்தவை உள்ளன. அச்செல்வத்தின் ஒரு பகுதியை மக்கள் காண்பதற்காக 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் திருவனந்தபுரத்தில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது.

ஓலையின் அகலம் சிறிது. எழுதுவோன் உழைப்போ பெரிது. ஆகவே ஏடெழுதுவோர் சிக்கனம் கையாண்டனர். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடம் விடவில்லை. செய்யுளை அடி அடியாகப் பிரித்து எழுதவில்லை. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்தின் புள்ளியையும் விட்டுவிட்டனர். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் ஒரே வடிவம் போதும் என்றிருந்தனர். ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஏட்டில் ஒன்றாகவே தோன்றும். முன்னது ஈகையைக் குறிக்கும்; பின்னது மலைமுகட்டையும் எல்லையையும் குறிக்கும். நில ஆவணம் ஒன்றில் இவ்விரண்டும் மயங்கினால் விளைவு யாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

எழுதியவனுக்கு இக்குறையால் இடர் இல்லை. அவன் பொருளை அறிந்தே எழுதினான். இடர் அனைத்தும் பின்வந்த வாசகனைச் சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கும் குறிலுக்கும் வேற்றுமை செய்து வடிவம் வகுத்தமையால் ஒரு பாதி மயக்கம் நீங்கிற்று. அதன் பின்னும் ஏடுகளை ஆராய்ந்து அச்சிட்ட அறிஞர்கள், ஒரு சொல்லை எங்கே பிரிப்பது என்பதற்கே பல நாள் உழைத்தனர். ஓலையில் சேமித்த விரலளவு இடத்திற்குப் புலவர் வாழ்நாள் விலையாயிற்று. எழுத்தைக் குறைத்து இடம் சேர்ப்பது முதல்வகைச் சிக்கனம். அது கடன் என்பதற்கு இது முதற்சான்று.

இரண்டாம் வகைக்குச் சான்று தருபவர் பழைய கணக்கர்கள். கிராமக் கணக்கில் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, ரூபாய் ஆகிய சொற்கள் வரிதோறும் வரும். அவற்றை முழுமையாக எழுதாமல் ௳, ௴, ௵, ௶, ௷, ௹ என ஒவ்வொன்றிற்கும் ஒரு குறி அமைத்துக்கொண்டனர். மேல்வரியில் சொன்ன பெயரோ ஊரோ மீண்டும் வந்தால் ‘மேற்படி’ என்பதற்கு ௸ என்னும் ஒற்றைக் குறியை இட்டனர். இங்கே இடம் குறைந்தது, பொருள் குறையவில்லை. குறியின் விளக்கத்தை அறிந்த எவனும் விடுபட்டதை எழுத்துப் பிசகாமல் மீட்டுரைக்கலாம். பெருமை வாய்ந்த இக்குறிகள் 2003-ஆம் ஆண்டில் உலகப் பொது எழுத்துமுறையாகிய யூனிகோடிலும் இடம் பெற்றன. முந்திரி, மாகாணி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு 2019-ஆம் ஆண்டில் அதில் தனிப்பகுதியே ஒதுக்கப்பட்டது.

கணக்கர் அனுபவத்தால் கண்ட இவ்வுண்மையைக் கணித அறிஞர்கள் இருபதாம் நூற்றாண்டில் விதியாக வகுத்தனர். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஹஃப்மன், அடிக்கடி வரும் எழுத்திற்குக் குறுகிய குறியும் அரிதாக வரும் எழுத்திற்கு நீண்ட குறியும் அமைக்கும் வழியை வெளியிட்டார். 1977-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு அறிஞர்களான லெம்பெல், சிவ் ஆகிய இருவரும், முன்னே வந்த தொடர் மீண்டும் வருமாயின் அதைத் திரும்ப எழுதாமல் ‘இத்தனை எழுத்துக்கு முன்னே சென்று இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்க’ என்று குறிக்கும் முறையைக் கண்டனர். இது நம் கணக்கரின் ‘மேற்படி’யே அன்றி வேறன்று. இன்று கணினியில் கோப்புகளைச் சுருக்கி அனுப்பும் ‘ஸிப்’ முறை இவ்விரு கருத்துகளின் மீதே நிற்கிறது.

இம்முறைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ‘மேற்படி’ என்பது மேலே ஓர் ஏடு இருக்கும் வரையில்தான் பொருள் தரும். முதல் ஏடு செல்லரித்துப் போனால் பின்னுள்ள மேற்படிகள் எல்லாம் தாயில்லாப் பிள்ளைகளாகும். செறித்து வைத்த கணினிக் கோப்பில் ஓரிடம் பழுதுபட்டாலும் அதனைத் தொடர்ந்த பகுதிகள் பயனற்றுப் போவதுண்டு. ஆகவே செறித்த பொருளுக்கு வேறோர் இடத்தில் காவற்படி ஒன்று இருத்தல் இன்றியமையாதது.

இனி மூன்றாம் வகையாகிய களைதலுக்கு வருவோம். இதனை ஒழுங்காகச் செய்யக் கற்றுத்தந்தவை அரசாங்க ஆவண அறைகள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரளம் அமையும் வரையில் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதனை அடுத்த சித்தூர் கொச்சி அரசின் நிலம். தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் மலைத் தாலுகாக்கள். அவை தமிழகத்தோடு சேர வேண்டும் என்று பெரும் இயக்கம் நிகழ்ந்து, முடிவில் கேரளத்தில் நின்றன. பாலக்காடு மாவட்டம் 1957-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலும், இடுக்கி மாவட்டம் 1972-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாளிலும் உருவாயின. ஆக, இந்த எல்லைப்புறத்தின் கடந்த காலம் மூன்று அரசுகளின் காகிதக் கட்டுகளில் பிரிந்து கிடக்கிறது. மலபாரின் பழங்காகிதம் தேடுவோர் கோழிக்கோட்டிலும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். மலைத் தாலுகாக்களின் காகிதம் தேடுவோர் திருவனந்தபுரம் செல்ல வேண்டும்.

சென்னை இராஜதானியில் மாவட்ட அலுவலகங்களுக்கென ஒரு நடைமுறை ஏற்பட்டது. டாட்டன்ஹாம் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயரால் இன்றும் அது வழங்கப்படுகிறது. ஒரு காகிதத்தின்மீது நடவடிக்கை முடிந்த அன்றே அதன் ஆயுளும் அதன்மேல் எழுதப்படும். ஓராண்டு மட்டும் வைத்திருக்கத்தக்கது ஒரு வகை. மூன்றாண்டு இரண்டாம் வகை. பத்தாண்டு மூன்றாம் வகை. என்றென்றும் காக்கத்தக்கது நான்காம் வகை. தமிழக அலுவலகங்களில் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று நாம் காணும் சுருக்கெழுத்துகள் இவையே. ‘மு’ என்பது முடிவு.

இந்நடைமுறையின் நுட்பம் எண்ணத்தக்கது. இடம் நிரம்பிய பிறகு எதை எறியலாம் என்று தேடுபவன் கைக்கு அகப்பட்டதை எறிவான். காகிதத்தின் பொருளை நன்கறிந்தவன், அது தன் முன்னே கிடக்கும்போதே அதன் ஆயுளை முடிவு செய்துவிட்டால், பின்னால் வருபவன் தயக்கமின்றிக் களையலாம். களையும்போது எவை களையப்பட்டன என்ற குறிப்பு எஞ்சுமாயின், இல்லாத காகிதத்தை ஒருவர் தேடி அலையவும் வேண்டா. இம்முறை இல்லாத இடங்களில் நேர்ந்த இழப்பை உ. வே. சாமிநாதையர் உருக்கமாக எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூரில் அவர் தேடிச் சென்ற பழஞ்சுவடிகள், சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமம் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தால் தீயிலிடப்பட்டுவிட்டன. இடம் மீண்டது, ஏடு மீளவில்லை.

ஆயுளை வகுப்பதிலும் பிழை நேரலாம் என்பதற்கு இடுக்கியின் தேயிலைத் தோட்டங்கள் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே நாள்தோறும் வேலைக்கு வந்தோரின் பெயரும் கூலியும் செக்ரோல் என்னும் ஏட்டில் எழுதப்படும். கூலி கொடுத்து முடிந்ததும் பழைய செக்ரோல் இடத்தை அடைக்கும் வெறுங்காகிதமாகவே தோன்றும். ஆனால் 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வந்த பின், ஒருவர் எத்தனை ஆண்டு இடைவிடாது உழைத்தார் என்பதைப் பொறுத்தே அவருக்குரிய தொகை அமைகிறது. எழுத்தறியாத ஒரு தொழிலாளிக்குத் தம் உழைப்பின் கால அளவை மெய்ப்பிக்கும் சான்றுகளுள் அந்தப் பழைய ஏடு தலையானது. எழுதியவனுக்குப் பயன் முடிந்தது என்பதால் எழுதப்பட்டவனுக்கும் பயன் முடிந்தது என்று கொள்ளலாகாது. களைவோர் நெஞ்சில் பொறிக்க வேண்டிய விதி இது.

கேரளம் பிறந்த அதே 1956-ஆம் ஆண்டில், இரண்டு மாதங்களுக்கு முன், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் ரமாக் என்னும் பொறியை அறிவித்தது. சுழலும் வட்டில் கோப்புகளைச் சேமித்த முதல் வாணிகக் கணினி அதுவே. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அடுக்கிய அப்பொறி 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டது. இன்று கட்டைவிரல் நகமளவுள்ள 64 ஜிகாபைட்டு அட்டை ஒன்று எழுத்துக் கணக்கில் அதைப்போல் பன்னீராயிரம் மடங்குக்கு மேல் கொள்ளும். அக்காலத்தில் வட்டில் ஒவ்வோர் எழுத்தின் இடமும் பொன்போல் மதிக்கப்பட்டமையில் வியப்பில்லை.

அதற்கு முன்னரே வழங்கிய துளையிட்ட அட்டையில் 80 எழுத்துகளுக்கே இடம். அதில் 1956 என்று எழுதாமல் 56 என்று எழுதி இரண்டிடம் மிச்சம் பிடித்தனர். இவ்வழக்கம் வட்டிலும் தொடர்ந்தது. 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது ‘00’ என்பது 1900-ஆ, 2000-ஆ என்று கணினிகள் மயங்கும் நிலை வந்தது. உலகெங்கும் பழைய நிரல்களை வரிவரியாகத் திருத்த வேண்டியதாயிற்று. அப்பணியில் ஈடுபட்ட இந்தியப் பொறியாளருள் தமிழர் பலர். ஊர்விட்டு ஊர் சென்று குடியேற அப்பணியே பலருக்கு வழி திறந்தது. ஏட்டில் விட்ட புள்ளியும் அட்டையில் விட்ட ‘19’-உம் ஒரே தன்மையன. எழுதும்போது மிச்சம், படிக்கும்போது கடன்.

கணினிக் கோப்பினுள் இடம் எவ்வாறு வீணாகிறது, எவ்வாறு மீள்கிறது என்பதை இனிக் காண்போம். பாலக்காடு கேரளத்தின் நெற்களஞ்சியம் எனப்படும். அங்குள்ள பழைய வீடுகளில் நெல்லைச் சேமிக்கும் பத்தாயத்தை நினைத்துக்கொள்க. ஒரு கோப்பைப் பல சம அறைகளாகத் தடுத்த பத்தாயமாகக் கருதலாம். ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் அறை. அறையின் அளவு முன்னரே வகுத்தது. பெயருக்கு இருபது எழுத்து என்று அளவிட்டால், ‘ரவி’ என்பவரின் அறையில் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும். நீண்ட பெயருடையவரின் வால் அறுபடும்.

1980-களிலும் 1990-களிலும் இந்திய அலுவலகங்கள் பலவற்றில் டி-பேஸ், ஃபாக்ஸ்புரோ என்னும் மென்பொருள்கள் வழங்கின. அவற்றில் ஒரு பதிவை நீக்குமாறு ஆணையிட்டால் பதிவு அழிவதில்லை. அதன் தலையில் உடுக்குறி ஒன்று விழும், அவ்வளவே. பதிவு கண்ணுக்கு மறைந்தாலும் இடத்தை அடைத்துக்கொண்டு அங்கேயே இருக்கும். வேண்டுமானால் உடுக்குறியை எடுத்து மீண்டும் உயிர்ப்பிக்கலாம். இடத்தை மெய்யாக மீட்பதற்குப் ‘பேக்’ என்னும் மற்றோர் ஆணை உண்டு. அது உயிருள்ள பதிவுகளை மட்டும் நெருக்கி அடுக்கிக் கோப்பைச் சுருக்கும். அதன் பின் நீங்கியவை நீங்கியவையே. நீக்குதலும் மீட்டலும் வேறுவேறு செயல்கள் என்பதை அறியாமல், ‘அத்தனையும் நீக்கினேன், இடம் மட்டும் கூடவில்லையே’ என்று வருந்தியோர் பலர்.

நீக்குதலோடு இடம் உடனே மீளாமைக்குக் காரணம் உண்டு. பத்தாயத்தின் நடு அறை ஒன்று காலியானவுடன் பின்னுள்ள அறைகளை எல்லாம் முன்னே நகர்த்துவதென்றால் நாள் முழுவதும் அதற்கே போகும். ஆகவே கணினிகள் காலி இடங்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, புதிய பதிவு வரும்போது பொருத்தமான குழியில் அதனை இடுகின்றன. முதலில் தென்படும் குழியில் இடுவதா, மிகப் பொருந்தும் குழியைத் தேடி இடுவதா என்பது பற்றி 1968-ஆம் ஆண்டில் டொனால்டு கனூத் தம் பெருநூலின் முதற்பகுதியில் விரிவாக ஆராய்ந்தார். மிகப் பொருந்துவதே மேல் என நமக்குத் தோன்றும். ஆனால் அவ்வாறு இட்டால் ஒவ்வொரு குழியிலும் எதற்கும் உதவாத சிறு துணுக்கு எஞ்சும். பாகப்பிரிவினையில் துண்டுபட்ட வயலைப் போல, கூட்டிப் பார்த்தால் ஏக்கர் இருக்கும். ஏர் ஓட்ட இடம் இராது.

இத்துணுக்குகளை ஒன்று சேர்க்க வேண்டுமாயின் உயிருள்ளவற்றைப் புதியதொரு கோப்பில் படியெடுத்துப் பழையதை விடுவிக்க வேண்டும். பத்தாயத்தைத் துடைக்க, நெல்லைக் கொட்டி வைக்க வேறோர் இடம் வேண்டுமல்லவா? இடத்தை மீட்பதற்கும் இடம் வேண்டும். வட்டு முற்றும் நிரம்பிய பின் இவ்வேலையைத் தொடங்குவோர் இடர்ப்படுவது இதனாலேயே. பத்தில் ஒன்பது பங்கு நிரம்புமுன் தொடங்குபவரே அறிவுடையார். இன்றைய பெருந்தரவுத்தளங்கள் சில, வாசல் பெருக்குவது போல அவ்வப்போது தாமே கோப்பைத் துடைத்துக்கொள்கின்றன.

தமிழர்க்கே உரிய இடச்சிக்கல் ஒன்று இங்கே எழுகிறது. கணினியில் இடத்தை அளக்கும் படி பைட்டு எனப்படும். ஆங்கில எழுத்து ஒன்றிற்கு ஒரு பைட்டுப் போதும். தொடக்கத்தில் தமிழையும் அவ்வாறே அடக்க முயன்றனர். பைட்டின் 256 இடங்களுக்குள் தமிழ் வடிவங்களை வைத்தனர். டிஸ்கி என்பது ஒன்று. 1999-ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி அமைந்த டாம், டாப் என்பவை மேலும் இரண்டு. இவற்றின்றித் தனியார் எழுத்துருக்கள் பல. இடம் சிறிதே பிடித்தது. ஆனால் ஒரு முறையில் எழுதியதை மற்றொரு முறையில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. இதுவும் படிப்பவன் தலையில் விழுந்த கடனே.

1991-ஆம் ஆண்டில் வந்த யூனிகோடு உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே வரிசையில் எண் வகுத்தது. அதனைக் கோப்பில் எழுதும் யூ.டி.எஃப்.-8 என்னும் முறையை 1992-ஆம் ஆண்டில் கென் தாம்சனும் ராப் பைக்கும் அமைத்தனர். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு கொள்ளும். ‘பாலக்காடு’ என்னும் சொல் கண்ணுக்கு ஐந்தெழுத்து. யூனிகோடு கணக்கில் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்பட்டு ஒன்பது குறி. ஆக 27 பைட்டு. ஆங்கிலத்தில் அதே ஊர்ப்பெயர் 8 பைட்டில் முடியும். ஆங்கிலத்தை எண்ணி இருபது பைட்டு என வகுத்த அறையில் தமிழ்ப் பாலக்காட்டை இட்டால், ‘பாலக்க’ என்பதோடு நின்று, எஞ்சிய இரண்டு பைட்டில் உருவற்ற குறை ஒன்று தொங்கும்.

இக்குறையை எண்ணியே, ஒவ்வொரு தமிழ் எழுத்திற்கும் இரண்டு பைட்டு வகுக்கும் டேஸ்-16 என்னும் முறையை அறிஞர்கள் உருவாக்கினர். அதில் பாலக்காடு 10 பைட்டில் அடங்கும். 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு யூனிகோடை முதன்மைத் தரமாகவும் டேஸ்-16 முறையை மாற்றுத் தரமாகவும் ஏற்றது. ஆயினும் உலகம் யூனிகோடின் வழியே சென்றது. மூன்று மடங்கு இடம் பெரும் இழப்பன்றோ என்று கேட்கலாம். யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதற்பைட்டும் ஒன்றே. இரண்டாவது பைட்டும் இரண்டில் ஒன்றே. மூன்றாவது மட்டுமே பெரிதும் மாறும். ஒன்றே மீண்டும் மீண்டும் வருமாயின் ‘மேற்படி’ இட்டுச் சுருக்கலாமல்லவா? ஸிப் முறையில் செறித்தால் வீணானதில் பெரும்பகுதி மீண்டுவிடும். எழுத்தைக் குறைக்காமல் முழுமையாக எழுதி, பின்னர்ச் செறித்து வைப்பதே தமிழுக்கும் ஏற்ற வழி என்பது இதனால் விளங்கும். அறையின் அளவை மட்டும் தமிழை எண்ணி வகுக்க வேண்டும்.

பெயர்ச் சுருக்கத்திற்கு நாமே பழக்கிக்கொண்ட மற்றொரு வழி தலைப்பெழுத்து. பாலக்காட்டைச் சேர்ந்த திருநெல்லாயி என்னும் ஊரில் 1932-ஆம் ஆண்டில் பிறந்த சேஷன், டி. என். சேஷன் என்றே உலகுக்கு அறிமுகமானார். ‘டி’ ஊரையும் ‘என்’ தந்தையார் நாராயண ஐயரையும் குறித்தன. ஊரார்க்கு அவ்விரண்டெழுத்தே போதும். ஊரைக் கடந்து சென்ற தமிழனுக்கு அது போதாது. குடும்பப் பெயர் யாது என்று கேட்கும் விண்ணப்பத்தின் முன்னே, ஓர் இடத்தில் தந்தை பெயரையும் மற்றோர் இடத்தில் ஊர்ப்பெயரையும் விரித்தெழுதி, பின்னர் இரு சான்றுகளும் ஒருவருடையவையே என்று மெய்ப்பிக்க அலைந்த அனுபவம் வெளி மாநிலத் தமிழருள் யாருக்குத்தான் இல்லை? தலைப்பெழுத்து ஒருவகை ‘மேற்படி’. மேல்வரி ஊரிலேயே நின்றுவிட்டது. கீழ்வரி மட்டும் நம்முடன் வந்தது.

எல்லைப்புறத்தில் இச்சிக்கல் இரட்டிக்கிறது. முருகன் என்ற பெயரைத் தமிழகத்து எழுத்தர் ஆங்கிலத்தில் ‘ஜி’ இட்டு எழுதுவார். மலையாள வழக்கில் வந்தவர் ‘கே’ இட்டும் எழுதுவார். கணினிக்கு அவர் இருவர். இதற்கு மாறாக, ஒரே தோட்டத்தில் ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் உடைய இருவர் இருப்பின், மிகுதியைக் களைய வந்த கணினி அவர்களை ஒருவராக்கிவிடக் கூடும். இடத்தை மீட்பதற்காக இரட்டைப் பதிவுகளை நீக்குவது நன்றே. எது இரட்டை என்று முடிவு செய்வது மனிதக் கண்ணுக்கும் உரிய வேலை. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அங்குள்ள தமிழர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் மறுமொழி பெறவும் இடமளித்திருக்கிறது. தம் பெயரைத் தமிழில் உள்ளவாறே பதிவிலும் காண விரும்புவது அவ்வுரிமையின் இயல்பான நீட்சியே.

சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த 1990 முதல் 1996 வரையிலான காலத்தில், 1993-ஆம் ஆண்டில், வாக்காளர்க்குப் புகைப்பட அடையாள அட்டை வழங்க ஆணை பிறந்தது. வாக்காளர் பட்டியல் நாட்டின் மிகப் பெரிய பதிவேடுகளுள் ஒன்று. அச்சிட்ட பட்டியலில் நீக்கப்பட்ட பெயர் உடனே மறைவதில்லை. நீக்கம் என்ற முத்திரையுடன் தன் வரிசை எண்ணில் நிற்கும். பின்னர்ப் பட்டியலைத் தொகுத்து அமைக்கும்போதே வரிசை நெருக்கப்படும். முதலில் குறியிடல், பின்பு மீட்டல் என்னும் இரு படிகளை இங்கும் காண்கிறோம். இடையிலுள்ள காலம் வீணன்று. தவறாக நீக்கப்பட்டவர் தம் பெயரைக் கண்டு முறையிட அதுவே வாய்ப்பு.

1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவு பெறலாகாது என்கிறது. 22-ஆம் பிரிவோ, ஒருவர் அவ்விடத்தில் வசிக்கவில்லை என்று கூறிப் பெயரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது. முன்னது சிக்கனம், பின்னது நீதி. 2025-ஆம் ஆண்டு இறுதியில் தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட மாநிலங்களில் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வெளியூர் சென்றோர் பலர் தம் பெயர் எங்கே உள்ளது என்று முதன்முறையாகத் தேடினர். ஊர் மாறுவோர் பழைய இடத்து நீக்கமும் புதிய இடத்துச் சேர்க்கையும் ஒருங்கே நிகழுமாறு உரிய படிவத்தை அளித்தல் வேண்டும். இன்று அதற்கு 8-ஆம் எண் படிவம் உள்ளது. இரண்டிடத்திலும் இருப்பது குற்றம். இரண்டிடத்திலும் இல்லாமற்போவது இழப்பு.

மிகுதி எல்லாம் வீண் அன்று என்பதற்கும் இம்மலைகளே சான்று. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்றின் இரயில் பாதையையே அடித்துச் சென்றது. அப்பாதை மீண்டும் இடப்படவில்லை. 2018-ஆம் ஆண்டு வெள்ளத்தில் கேரளமெங்கும் எண்ணற்றோர் வீட்டுப் பத்திரங்களையும் சான்றிதழ்களையும் இழந்தனர். அப்போது கணினிப் பதிவுகளிலிருந்து சான்றிதழ்களை மீட்டளிக்க அரசு முகாம்கள் நடத்திற்று. வேறோர் இடத்தில் ஒரு படி இருந்தமையால் அது இயன்றது. ஒரே பெட்டியில் உள்ள இரண்டாம் படி இடத்தை அடைக்கும் மிகுதி. மலைக்கு அப்பால் உள்ள இரண்டாம் படி காவல். முன்னதைக் களைக, பின்னதைக் காக்க.

அன்பர்களே, இவையெல்லாம் அரசாங்கத்திற்கும் பெருநிறுவனத்திற்கும் உரிய பேச்சு என்று எண்ணலாகாது. இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள தொலைபேசியே ஓர் ஆவண அறை. அதில் நீக்கிய படம் பெரும்பாலும் சில நாள் குப்பைத் தொட்டியில் தங்கியே மறைகிறது. அதனைக் குறியிடலுக்கும் மீட்டலுக்கும் இடையே நமக்களிக்கப்பட்ட தவணையாகக் கருதிப் பயன்படுத்த வேண்டும். பத்திரம், பள்ளிச் சான்று, பணிச் சான்று, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவற்றை நி.மு. எனக் கொண்டு, ஊரில் ஒரு படியும் தங்குமிடத்தில் ஒரு படியும் வைக்கலாம். மின்கட்டண, வாடகைச் சீட்டுகளைச் சில ஆண்டு காக்கலாம். காலை வணக்கப் படங்களுக்கு ஓராண்டும் மிகுதியே.

ஓலை தந்த பாடமும், செக்ரோல் தந்த பாடமும், கணினி தரும் பாடமும் ஒன்றே. பெயரையும் பொருளையும் குறைத்து இடம் சேர்க்க வேண்டா. அது பின்வருவோர் தலையில் ஏற்றும் கடன். முழுமையாக எழுதுக, எழுதியதைச் செறித்து வைக்குக. ஆயுள் முடிந்ததை, அதில் பெயர் எழுதப்பட்டவனையும் எண்ணிப் பார்த்து, குறிப்பு வைத்துக் களைக. இவ்வாறு மீட்கும் இடமே மெய்யாக மீண்ட இடம்.